கந்தகக் குன்றில் ஒரு காலைப்பொழுது

பேரப்பிள்ளைகளைப் பார்க்கக் கடல் கடந்து செல்லும் காலம் இது. நம் சங்கத்தில் என் வயதை ஒத்த அன்பர்களுள் பாதிப்பேர் அமெரிக்காவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ ஒரு முறையேனும் சென்று வந்தவர்களே. ஆயினும், செயிண்ட் கிட்ஸ் தீவுக்குப் புறப்படுகிறேன் என்று நான் கூறியபோது, அது எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டவர்களே மிகுதி. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். என் மருமகனுக்கு அங்குள்ள மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஆசிரியர் வேலை கிடைக்கும் வரையில் எனக்கும் அது தெரியாது. மேற்கிந்தியத் தீவுகள் என்றால் கிரிக்கெட் என்ற அளவோடு என் அறிவு நின்றிருந்தது.

நானும் என் துணைவியாரும் டில்லியிலிருந்து லண்டன் சென்று, அங்கிருந்து ஆண்டிகுவா வழியாக அத்தீவை அடைந்தோம். பயணத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. விமானப் பயணம் எங்கும் ஒன்றே. தீவோ மிகச் சிறியது. பரப்பு ஏறக்குறைய 170 சதுர கிலோமீட்டர். நம் டில்லிக்குள் எட்டுத் தீவுகளை அடக்கிவிடலாம். பக்கத்துத் தீவாகிய நெவிஸையும் சேர்த்து 1983-ஆம் ஆண்டில் தனி நாடாயிற்று. இரண்டிலுமாக வாழ்வோர் ஏறக்குறைய ஐம்பதினாயிரம் பேர். நடுவே பசிய எரிமலை ஒன்று முகில் போர்த்து நிற்கிறது. அதன் அடிவாரத்தைச் சுற்றி ஒரே சாலை. சாலைக்கு ஒருபுறம் கடல். மறுபுறம் ஒரு காலத்தில் கரும்பு விளைந்து இன்று புல்லும் புதருமாகக் கிடக்கும் நிலம். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நடந்த சர்க்கரைத் தொழிலை அந்நாட்டு அரசாங்கம் 2005-இல் மூடிவிட்டது. கரும்பு ஏற்றிய சிறு ரயில் இப்போது சுற்றுலாப் பயணிகளை ஏற்றுகிறது.

தலைநகராகிய பாஸ்டேரிலிருந்து மேற்குக் கரையோரமாகப் பத்து மைல் சென்றால், கடலை ஒட்டித் தனியே எழுந்து நிற்கும் குன்று ஒன்று கண்ணில் படும். அருகில் வீசும் கந்தக நாற்றத்தால் ஆங்கிலேயர் அதற்குப் பிரிம்ஸ்டோன் ஹில் என்று பெயரிட்டனர். கந்தகக் குன்று என்று நாம் சொல்லலாம். உயரம் ஏறக்குறைய 800 அடி. குதுப் மினாரை மூன்று முறை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் எட்டாத உயரம். அதன் உச்சியில்தான் நான் சொல்ல வந்த கோட்டை இருக்கிறது.

நான் திண்டிவனத்துக்காரன். செஞ்சிக் கோட்டையைப் பார்த்து வளர்ந்தவன். இராசகிரியும் ஏறக்குறைய இதே உயரந்தான். எனவே, மலைக்கோட்டை என்று மாப்பிள்ளை சொன்னவுடன், "எங்கள் ஊரில் இல்லாததா?" என்ற செருக்கோடுதான் வண்டியில் ஏறினேன். குன்றின் அடியிலேயே அச்செருக்கு சற்றுத் தணிந்தது. அங்கே ஒரு சுண்ணாம்புக் காளவாய் இருக்கிறது. முப்பத்தேழு ஆண்டுகள் கட்டட வேலையில் கழித்தவனுக்குக் கோயில் கோபுரத்தைக் காட்டிலும் காளவாய்தான் முதலில் கண்ணில் படும். வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தேன். "தாத்தா, கோட்டை மேலே இருக்கிறது" என்றாள் ஒன்பது வயதுப் பேத்தி, நான் வழி தவறிவிட்டேன் என்று எண்ணி.

இக்குன்றின் அமைப்பே விந்தையானது. உள்ளே எரிமலைப் பாறை. அது கடலடியிலிருந்து மேலெழுந்தபோது அங்கே படிந்திருந்த சுண்ணாம்புப் பாறையையும் தன் விலாவில் சுமந்துகொண்டு வந்துவிட்டது. ஆகவே, சுவருக்கு வேண்டிய கருங்கல்லும், கலவைக்கு வேண்டிய சுண்ணாம்பும் ஒரே குன்றில் கிடைத்தன. கட்டுகிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று என் மனம் முதலில் மகிழ்ந்தது. அடுத்த கணமே, அந்தக் கல்லை உடைத்தவர் யார், சுண்ணாம்பைச் சுட்டவர் யார், நெட்டுக்குத்தான அச்சரிவில் அவற்றைத் தலையில் ஏந்தி ஏறியவர் யார் என்ற எண்ணமும் எழுந்தது.

அதற்கு விடை கோட்டையின் ஒவ்வொரு விளக்கப் பலகையிலும் இருக்கிறது. மறைக்கவில்லை, அதற்காக அந்நாட்டாரைப் பாராட்ட வேண்டும். திட்டம் வகுத்தவர்கள் ஆங்கிலேயப் படைப் பொறியாளர்கள். கட்டியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள். கி.பி. 1690-இல் முதல் பீரங்கி இக்குன்றின் மேல் ஏற்றப்பட்டது. அன்று தொடங்கிய வேலை நூறாண்டுகளுக்கு மேல் நடந்தது. கரும்புத் தோட்ட முதலாளிகள் தத்தம் அடிமைகளுள் சிலரைக் கோட்டை வேலைக்கு அனுப்பினர். தந்தை சுமந்த இடத்தில் மகனும், மகன் சுமந்த இடத்தில் பேரனும் சுமந்திருப்பார்கள்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இத்தீவின் பழங்குடியினர் கலினாகோ மக்கள். ஆங்கிலேயர் 1624-இலும் பிரெஞ்சுக்காரர் அதற்கு அடுத்த ஆண்டிலும் இங்கே குடியேறினர். தம்முள் ஓயாது சண்டையிட்ட இவ்விரு கூட்டத்தாரும் ஒற்றுமையாகச் செய்த காரியம் ஒன்றுண்டு: 1626-இல் சேர்ந்து நின்று அப்பழங்குடி மக்களைக் கொன்று குவித்தனர். அது நடந்த இடத்துக்கு இன்றும் இரத்த முனை என்றே பெயர். பின்னர்த் தீவின் நடுப்பகுதி ஆங்கிலேயருக்கும் இரு முனைகளும் பிரெஞ்சுக்காரருக்குமாக இருந்து, 1713-இல் முழுத் தீவும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது.

மேலே செல்லும் பாதை குறுகலானது. வளைவுதோறும் ஒலி எழுப்பிக்கொண்டே செல்ல வேண்டும். வண்டி நிற்கும் இடத்திலிருந்து உச்சிக் கோட்டைக்கு நீண்ட படிக்கட்டு. என் துணைவியார் முழங்கால் வலியைக் காரணம் காட்டி மர நிழலில் அமர்ந்துவிட்டார். அங்கே குரங்குகள் கூட்டமாகத் திரிகின்றன. அவையும் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்த குரங்குகளின் வழித்தோன்றல்களாம். துணைவியாரின் கையிலிருந்த பிஸ்கோத்துப் பொட்டலம் எங்கள் தலை மறையும்வரையில்கூட அங்கே தங்கவில்லை.

உச்சியில் நின்று பார்த்த காட்சியை நான் மறக்க முடியாது. கீழே சாண்டி பாயிண்ட் என்னும் சிற்றூர். அதற்கப்பால் நீலமும் பச்சையுமாகக் கடல். எதிரே கவிழ்த்த கூம்பைப் போல் செயிண்ட் யூஸ்டேஷியஸ் தீவு. அதற்கும் அப்பால் மங்கலாகச் சாபா தீவு. கடலை நோக்கி வரிசையாக நிற்கும் பீரங்கிகள் 24 பவுண்டு குண்டை எறிபவை. அத்தகைய பீரங்கி ஒன்றின் எடை ஏறக்குறைய இரண்டரை டன். பேத்தி அவற்றில் ஒன்றின் மேல் ஏறி அமர்ந்துகொண்டு, தான் எந்தக் கப்பலைச் சுட வேண்டும் என்று கேட்டாள். தமிழில் அல்ல, ஆங்கிலத்தில். அவள் தமிழில் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றியவையே.

எங்களுக்கு வழிகாட்டிய அம்மையார் அவ்வூரைச் சேர்ந்தவர். அறுபது வயதை நெருங்கியவர். கீழே தெரிந்த நிலங்களைக் கையால் சுட்டி, தம் பாட்டியார் அங்கேதான் கரும்பு வெட்டினார் என்றார். பிறகு 1782-ஆம் ஆண்டு முற்றுகையின் கதையைக் கூறினார். அமெரிக்கர் விடுதலைப் போர் நடந்த காலம் அது. அந்த ஜனவரியில் பிரெஞ்சு வீரர் எண்ணாயிரம் பேர் தீவில் இறங்கிக் குன்றைச் சூழ்ந்துகொண்டனர். மேலே இருந்தவர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேர். இங்கிலாந்திலிருந்து வந்திறங்கிய புதிய பீரங்கிகளும் குண்டுகளும் குன்றின் அடியிலேயே கிடந்தன. அவற்றை மேலே இழுத்துச் செல்ல அடிமைகளை அனுப்புமாறு தோட்ட முதலாளிகளைக் கேட்டபோது, அவர்கள் மறுத்துவிட்டனர். பிரெஞ்சுக்காரர் அந்தப் பீரங்கிகளைக் கைப்பற்றி, அவற்றாலேயே கோட்டையைத் தாக்கினர். ஒரு மாதம் தாக்குப்பிடித்த கோட்டை, பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் பணிந்தது.

"கோட்டையை அடிமைகள் கட்டினார்கள்; அவர்களை அனுப்ப மறுத்ததால் கோட்டை விழுந்தது" என்று கூறி அந்த அம்மையார் சிரித்தார். பலமுறை சொல்லிப் பழகிய வாக்கியமாகத்தான் இருக்கும். ஆனாலும் சிரிப்பு உண்மையாக இருந்தது.

நான் அவருக்கு ஒரு செய்தி சொன்னேன். அதே 1782, அதே பிப்ரவரி, 17-ஆம் நாள், செங்கற்பட்டுக் கடற்கரையில் சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே ஆங்கிலேயக் கப்பற்படையும் பிரெஞ்சுக் கப்பற்படையும் மோதின. சூஃப்ரேன் என்பவர் பிரெஞ்சுத் தளபதி. அவர் பரங்கிப்பேட்டையில் வீரர்களை இறக்கினார். ஏப்ரலில் ஐதர் அலியின் உதவியோடு கடலூர் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. உலகின் இரு கோடியிலும் ஒரே போர். 1783-இல் எழுதிய ஒரே உடன்படிக்கையால் செயிண்ட் கிட்ஸ் ஆங்கிலேயருக்குத் திரும்பியது. புதுச்சேரியும் காரைக்காலும் பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பின. கணக்குத் தீர்க்கும் இரு வியாபாரிகள் சில்லறை மாற்றிக்கொண்டதைப் போல! அம்மையார் இதைத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். சதுரங்கப்பட்டினம் என்ற பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்வதற்குள் எனக்கும் அவருக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது.

நம்மவர் இப்பகுதிக்கு வந்த கதை பிற்காலத்தது. 1834-இல் அடிமை முறை ஒழிந்தது. பழகுநர் என்ற பெயரில் நீடித்த கட்டாய வேலையும் 1838-இல் ஒழிந்தது. அதன்பின் தோட்டங்களுக்கு ஆள் தேடி இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை அழைத்து வந்தனர். செயிண்ட் கிட்ஸுக்குக் கல்கத்தாவிலிருந்து 1861-இல் கப்பல் ஒன்று 337 பேரை ஏற்றி வந்தது. தெற்கே குவாதலூப் என்னும் பிரெஞ்சுத் தீவுக்கோ 1854 முதல் நாற்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர் சென்றனர். புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களில் கப்பலேறிய தமிழர் அவர்களுள் மிகப் பலர்.

உச்சிக் கோட்டையின் அறைகளில் ஒரு பொருட்காட்சி இருக்கிறது. படைவீரரின் பொத்தான்கள், களிமண் புகைக்குழாய்கள், பழைய படங்கள் ஆகியவற்றின் நடுவே, அடிமைகள் தம் கையால் வனைந்து சமைத்துண்ட மட்பாண்டங்களின் ஓடுகளும் உள்ளன. குன்றில் அவர்கள் தங்கியிருந்த இடங்களை அகழ்ந்தபோது கிடைத்தவை. நான் அவற்றின் முன் நின்றுகொண்டிருந்தபோதுதான் பேத்தி அக்கேள்வியைக் கேட்டாள்.

ஒவ்வொரு கொத்தளத்திலும் இருந்த பெயரை அவள் படித்துக்கொண்டே வந்தாள். ஜார்ஜ் மன்னர் பெயரில் ஒன்று, வேல்ஸ் இளவரசர் பெயரில் ஒன்று. "இவர்களா கட்டினார்கள்?" என்றாள். இல்லை என்றேன். "கட்டியவர்களின் பெயர் எங்கே?" என்றாள். தெரியாது என்றேன். "நீங்கள் டில்லியில் கட்டடம் கட்டினீர்களே, அதில் உங்கள் பெயர் இருக்கிறதா?" என்றாள். இல்லை, திறந்துவைத்த அமைச்சரின் பெயர்தான் இருக்கிறது என்றேன். "அப்படியானால் உங்களோடு வேலை செய்தவர்களின் பெயர்?" என்றாள்.

குழந்தை கேட்ட கேள்விதான். ஆனால், இந்த நாற்பத்து நான்கு ஆண்டுகளில் என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை.

1981-ஆம் ஆண்டு. ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக டில்லி முழுவதும் இரவு பகலாகக் கட்டட வேலை நடந்த காலம். நம் சங்கத்து மூத்த உறுப்பினர்களுக்கு அந்நாள் நினைவிருக்கும். நான் அப்போது இளநிலைப் பொறியாளன். என் அலுவலகத்தின் பெயரோ அக்கட்டடத்தின் பெயரோ இங்கு வேண்டா. எங்களிடம் தினக்கூலிக்கு வேலை செய்தவர்களுள் நாற்பது பேர் தென்னார்க்காட்டிலிருந்து வந்தவர்கள். என் ஊரைச் சுற்றிய சிற்றூர்களைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய பெயர்களை மஸ்டர் ரோலில் எழுதியவர் வடநாட்டு எழுத்தர். நம் பெயர்கள் அவர் நாவில் நுழையவில்லை. தமக்குத் தோன்றியபடி வெட்டியும் ஒட்டியும் எழுதினார். நாள்தோறும் அதைச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டியவன் நான். அந்த இடத்தில் தமிழ் தெரிந்த அதிகாரி நான் ஒருவனே. படித்துப் பார்க்காமலேயே கையெழுத்திட்டேன்.

ஆடி மாதத்து மழையில் கடைக்கால் குழியின் பக்க மண் சரிந்தது. முட்டுக் கொடுக்க வேண்டும் என்று மேஸ்திரி இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நாளை பார்க்கலாம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். மண் சுமந்துகொண்டிருந்த சித்தாள் ஒருத்தி அதில் புதைந்து, மூன்றாம் நாள் மருத்துவமனையில் இறந்தாள். வயது இருபத்தைந்துக்குள் இருக்கும். அவளுக்கு அவள் ஊர் அம்மனின் பெயர். மஸ்டர் ரோலில் அப்பெயரின் முற்பாதியை மட்டும் எழுதி, பின்னே தேவி என்று சேர்த்திருந்தார் எழுத்தர். ரேஷன் அட்டையில் முழுப் பெயர். இறந்தவளும் வேலை செய்தவளும் ஒருத்திதான் என்பதற்குச் சான்று என்ன என்று கேட்டு நஷ்டஈட்டுக் கோப்பைத் திருப்பி அனுப்பினார்கள்.

சான்று என்னிடம் இருந்தது. பெயர் தவறாக எழுதப்பட்டது, நான் சரிபார்க்காமல் ஒப்பமிட்டேன் என்று ஒரு கடிதம் எழுதினால் போதும். எழுதினால் என் பணிப் பதிவேட்டில் கறை விழும் என்று அஞ்சினேன். அவள் கணவன் திங்கட்கிழமைதோறும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலுவலக வாயிலுக்கு வருவான். "ஐயா, நம்ம ஊர்க்காரங்க நீங்க" என்பான். வேறொன்றும் சொல்ல மாட்டான். நான் பின்வாயில் வழியாகப் போன நாள்களும் உண்டு. அக்கடிதத்தை எழுத எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. பணம் கிடைத்தபோது பதினொரு மாதம் கடந்திருந்தது. அதற்குள் அவன் பட்ட கடனுக்கே அது சரியாய்ப் போயிற்று. என்மேல் கறை எதுவும் விழவில்லை. எச்சரிக்கைக் குறிப்பு ஒன்று வந்தது, அவ்வளவே.

அன்று அந்தக் கோட்டையில் நின்றபோது இன்னொரு செய்தியும் நினைவுக்கு வந்தது. அடிமை முறையை ஒழித்தபோது பிரிட்டிஷ் அரசாங்கம் இரண்டு கோடி பவுண்டு நஷ்டஈடு வழங்கியது. அத்தனையும் அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு. அடிமைகளுக்கு ஒரு காசும் இல்லை. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, 1817 முதல், இத்தீவின் அடிமைகளின் பெயர்களைப் பதிவேடுகளில் எழுதியிருக்கிறார்கள். அவை லண்டன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. ஆனால் அவை முதலாளி வைத்த பெயர்கள். தாய் அழைத்த பெயர் எதுவென்று எந்த எழுத்தரும் கேட்டிருக்க மாட்டார். சரிபார்த்து ஒப்பமிட்டவர் ஒருவரும் இருந்திருப்பார்.

வெளியே வந்து சுவரைத் தொட்டுப் பார்த்தேன். தொழில் முறையில் சொல்கிறேன்: அது மிக நல்ல வேலை. கற்கள் கோணம் பிசகாமல் செதுக்கப்பட்டிருக்கின்றன, இணைப்புகள் நெருக்கமானவை, கூரையிலும் தளத்திலும் விழும் மழைநீர் வீணாகாமல் தொட்டியில் சேரும்படி வாட்டம் பார்த்து அமைத்திருக்கிறார்கள். 1853-இல் படை இக்குன்றை விட்டு நீங்கியபின், ஊரார் கற்களைப் பெயர்த்து வீட்டுக்கு எடுத்துப் போனதால் பல கட்டடங்கள் பாழாயின. 1965-இல் அமைந்த ஒரு சங்கம் சிறிது சிறிதாகப் பழுது பார்த்து மீட்டது; 1999-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. (நம் செஞ்சிக்கும் 2025-இல் மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் அப்பெருமை கிடைத்தது, காலையில் எனக்கிருந்த செருக்கின் மிச்சத்தோடு இதையும் குறித்துவிடுகிறேன்.) அடித்து வேலை வாங்கினால் சுவர் எழும்பும், ஆனால் இவ்வளவு நேர்த்தி எப்படி வந்தது? தன்னுடையதல்லாத சுவரையும் கோணாமல் கட்ட வேண்டும் என்று நினைத்தவன் எவனோ இருந்திருக்கிறான். என் மேஸ்திரியும் அப்படிப்பட்டவர்தான்.

திரும்பும்போது, வருகையாளர் ஏட்டில் எழுதுமாறு அந்த அம்மையார் கேட்டுக்கொண்டார். என் பெயரை ஆங்கிலத்தில் எழுதினேன். "தமிழில் எழுதுங்கள் தாத்தா, நான் படிக்கிறேன்" என்றாள் பேத்தி. அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும்; மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் கற்பிக்கிறாள். தமிழில் எழுதினேன். கருத்து என்ற கட்டம் காலியாக இருந்தது. அதில் அந்தச் சித்தாளின் பெயரை, முழுப் பெயரையும், அவள் ஊர்ப் பெயரோடு எழுதினேன். அப்பெயரை இந்த இதழில் நான் எழுதவில்லை. அவள் பிள்ளை இன்று பேரப்பிள்ளைகளோடு இந்நகரில் வாழ்கிறான்; அவனைக் கேளாமல் எழுதுவது முறையன்று.

பேத்தி விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தாள். ஓர் இடத்தில் றகரமா ரகரமா என்று தடுமாறி, மறுபடியும் முதலிலிருந்து படித்துச் சரியாக முடித்தாள்.

"இது யார் தாத்தா?"

"என்னோடு வேலை செய்தவள்" என்றேன்.

கீழே மர நிழலில் என் துணைவியார் எழுந்து நின்று கையசைத்துக்கொண்டிருந்தார். பிஸ்கோத்துப் போனபின் அவருடைய மூக்குக்கண்ணாடியின் மேலும் ஒரு குரங்குக்குக் கண் விழுந்துவிட்டதாம். படிகளில் இறங்கும்போது பேத்தியிடம் முழுக் கதையையும் சொன்னேன். பின்வாயில் வழியாகப் போனதையும் சொன்னேன்.